தேனும் வைரஸ் நோய்களும்: எதுவரை நம்பலாம்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் புறநோயாளர் பிரிவில் சளி, இருமல், காய்ச்சல் என்று வருவோர் தொகை பெருகிவிடும். அவர்களுள் பலர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "தேன் கொடுக்கலாமா, டாக்டர்?" வேறு சிலர் கேட்பதில்லை, மூன்று நாள்களாகத் தேன் கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். கேள்வி ஒன்றுபோல் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் உள்ளன. நோயாளியின் துன்பத்தைத் தேன் குறைக்குமா என்பது ஒன்று. நோய்க்குக் காரணமான வைரஸைத் தேன் அழிக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு, இருமலைப் பொறுத்தவரை, ஆம் என்று நாங்கள் தயக்கமின்றிச் சொல்வோம். இரண்டாவதற்கு அவ்வாறு சொல்ல இன்றைய மருத்துவ அறிவில் இடமில்லை. இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போவதால் நேரும் தீங்கை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

நவீன மருத்துவம் பயின்றவர்கள் என்பதால் தேனை நாங்கள் ஏளனமாகப் பார்ப்போம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. எங்கள் வீடுகளிலும் அலமாரியில் தேன் புட்டி இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் இரவு இருமலுக்குத் தேன் கொடுத்திருக்கிறோம். மேலும், நம் மரபு தேனுக்குக் கொடுத்த இடம் என்ன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில் தேன் பெரும்பாலும் அனுபானமாகவே வருகிறது. அதாவது, சூரணத்தையோ பற்பத்தையோ குழைத்து உட்கொள்ள உதவும் துணைப்பொருள். திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணச் சொன்ன வைத்தியர், எல்லா நோயையும் தேனே தனியாக நின்று தீர்க்கும் என்று சொல்லவில்லை. கைப்பேசியில் வலம்வரும் காணொளிகள்தாம் அப்படிச் சொல்கின்றன.

இருமலைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்கிறோம்; ஏனெனில் தேனுக்கு நல்ல சான்று இருப்பது அங்கேதான்.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2 முதல் 18 வயது வரையுள்ள 105 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் சளியோடு இரவு இருமல். ஒரு பிரிவினருக்கு உறங்கப்போகும் முன் வயதுக்கேற்ப அரைத் தேக்கரண்டி முதல் இரண்டு தேக்கரண்டி வரை தேன். ஒரு பிரிவினருக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்னும் வழக்கமான இருமல் மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. மறுநாள் காலையில் பெற்றோரிடம் கேட்டபோது, எதுவும் பெறாத பிள்ளைகளைவிடத் தேன் உண்ட பிள்ளைகள் குறைவாக இருமியிருந்தார்கள்; நன்றாக உறங்கியும் இருந்தார்கள். தேனுக்கும் இருமல் மருந்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2012-இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையுள்ள 300 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும், உறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பு 10 கிராம் தேன் பெற்றவர்கள், தேனைப்போன்றே தோன்றும் பேரீச்சம்பழச் சாற்றைப் பெற்றவர்களைவிட நன்கு தேறியிருந்தார்கள். 2018-இல் காக்ரேன் அமைப்பினர் ஆறு ஆய்வுகளை, அதாவது 899 பிள்ளைகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தனர். 2019 பிப்ரவரியில் வெளியான இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வழிகாட்டுதல், சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவையில்லை என்று சொல்லி, ஒரு வயது கடந்தவர்கள் தேனை முயன்று பார்க்கலாம் என்றும் குறிப்பிட்டது.

இச்சான்றுகளைப் பெரிதுபடுத்தவும் நாங்கள் விரும்பவில்லை. அமெரிக்க ஆய்வுக்கும் இஸ்ரேலிய ஆய்வுக்கும் பண உதவியில் தேன் வாரியங்களுக்குப் பங்குண்டு. படிப்பவர் இதை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க ஆய்வில் எதுவும் பெறாத பிள்ளைகளும் இரண்டாம் இரவில் ஓரளவு தேறியே இருந்தார்கள். சளி தானாகவே தணியும் நோய் என்பதை இது நினைவூட்டுகிறது. ஐந்தாம் நாள் கொடுத்த எந்தப் பொருளும் ஏழாம் நாள் நல்ல பெயர் வாங்கிவிடும்! இன்னொன்றும் உண்டு: இந்த ஆய்வுகளில் அளக்கப்பட்டவை இருமலும் உறக்கமும்தாம், உடலில் வைரஸ் குறைந்ததா என்பது அன்று. தேனின் இனிப்பும் கெட்டித்தன்மையும் உமிழ்நீரைச் சுரக்கச் செய்து, வறண்டு எரிச்சலுற்ற தொண்டைக்கு ஒரு பூச்சுப்போல் அமைகின்றன; இருமலைத் தூண்டும் நரம்புகள் சற்று அடங்குகின்றன. இவ்வளவே பெரும்பாலும் நிகழ்கிறது. இதுவும் சிறிய உதவியன்று. இரவெல்லாம் இருமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த தாயிடம் கேட்டால் தெரியும்.

இருமலுக்கு எதைக் கொடுப்பது என்ற அச்சம் இப்போது பெற்றோரிடையே மிகுந்திருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் தமிழ்நாட்டில். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. நச்சு கலக்காத மருந்துகளிலும் சிறு குழந்தைகளுக்கு ஆகாதவை உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளிமருந்தை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஆகவே, ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சாதாரணச் சளியோடு இருமல் வந்தால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் புட்டியைவிட ஒரு கரண்டி தேனையே நாங்கள் முன்வைக்கிறோம். தேவையற்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்குவதைவிடவும் அதுவே மேல். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தேன் வைரஸை அழிக்கும் என்று சொல்வோர் வெறுங்கையோடு சொல்வதில்லை. ஆய்வுக்கூடச் சான்றைக் காட்டுகிறார்கள். 2014-இல் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களில் இன்ஃப்ளுயென்சா வைரஸின் பெருக்கத்தைத் தேன், குறிப்பாக நியூசிலாந்தின் மானுகா தேன், தடுத்ததாகக் கண்டார்கள். அம்மை வைரஸைப் பற்றியும் இதுபோன்ற ஆய்வுக்கூட முடிவுகள் உண்டு. அவை பொய்யல்ல. தேன் அமிலத்தன்மை உடையது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மானுகா தேனில் மெத்தில்கிளையாக்சால் என்னும் பொருளும் மிகுதி. இத்தகைய கரைசலில் பல நுண்ணுயிர்கள் வாழ முடிவதில்லை.

ஆனால் கண்ணாடிக் கலம் வேறு, மனித உடல் வேறு. ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தடுக்க ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் சில மில்லிகிராம் தேன் தேவைப்பட்டது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் வெறும் வயிற்றில் நம் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையின் இயல்பான அளவு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. அந்த ஆய்வுக்கூட அளவை இரத்தத்தில் எட்ட வேண்டுமானால், நோய் தீருமுன் நோயாளி கட்டுக்கடங்காத சர்க்கரையோடு அவசரச் சிகிச்சைக்கு வந்துவிடுவார். உண்மையில் அதுவும் நடவாது. விழுங்கிய தேன் குடலிலேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குப் போய்விடுகிறது. நுரையீரலில் பெருகிக்கொண்டிருக்கும் வைரஸைத் தேன் தேனாகவே சென்று அடைவதில்லை.

இங்கே இடையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தாய் சாக்ப்ரூட் என்னும் வைரஸ் நோய் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளோடு நின்றன. தேனிலேயே பிறந்து, தேனையே உண்டு வளரும் உயிர்களை வைரஸ் அழித்தது. பூச்சியின் உடல் வேறு, நம் உடல் வேறு என்பதால் இதனை மருத்துவச் சான்றாக நாங்கள் வைக்கவில்லை. எனினும் தேன் இருக்குமிடத்தில் வைரஸ் நில்லாது என்று உறுதிபடப் பேசுவோர் இதனையும் நினைத்துக்கொள்ளலாம்.

விழுங்குவது பயன் தராவிட்டால், மேலே பூசினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூசும்போது தேன் நேராக நோயுற்ற இடத்தைத் தொடுகிறது. நியூசிலாந்தில் உதட்டுக் கொப்புளம், அதாவது ஹெர்பிஸ் வைரஸால் உதட்டோரம் வரும் புண், உடைய 952 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு அசைக்ளோவிர் களிம்பு. பாதிப்பேருக்குக் கானுகா என்னும் மரத்தின் பூந்தேனிலிருந்து மருத்துவத் தரத்தில் தயாரித்த பூச்சு. புண் முற்றும் ஆற அசைக்ளோவிர் பூசியோருக்கு 8 நாள்களும், தேன் பூசியோருக்கு 9 நாள்களும் ஆயின. புள்ளியியல் கணக்கில் அது வேறுபாடே அன்று. "தேன் மருந்துக்குச் சமம்" என்று இதைச் செய்தியாக்கினார்கள். நாங்கள் இதனை வேறுவிதமாகப் படிக்கிறோம். உதட்டுக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர் களிம்பின் பயனே மிகச் சிறியது. எதுவும் பூசாமலும் அது பத்து நாள்களுக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். எதுவும் பூசாத மூன்றாம் பிரிவு அந்த ஆய்வில் இல்லை. எனவே இரண்டும் சமமாகப் பயன் தந்தனவா, இரண்டும் சமமாகப் பயனற்றனவா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்தறிய முடியாது. உதட்டில் வரும் சிறு கொப்புளத்துக்குத் தேன் பூசிக்கொள்வோரை நாங்கள் தடுக்கப்போவதில்லை. அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

இழப்பு நேரும் இடம் வேறு, அது அக்கி.

அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்புகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ விழித்தெழுவதால் வருவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டைபோல், எரிச்சலோடும் வலியோடும் கொப்புளங்கள் தோன்றும். நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவிமண்ணால் "அக்கி எழுதி" வருவது நெடுநாள் வழக்கம். இப்போது அதனோடு தேன் பூசுவதும் சேர்ந்திருக்கிறது. இரண்டு, மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு, வலி பொறுக்க முடியாமல், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ எங்களிடம் வருகிறார்கள். அக்கிக்குரிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும். புண் விரைவில் ஆறும், கடும்வலியின் நாள்கள் குறையும். ஏழாம் நாள் வருபவருக்கு வலிக்கான மருந்தைத்தான் பெரும்பாலும் தர முடிகிறது. அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியால், சட்டை உரசினாலும் துடிக்கும் முதியவர்களை நாங்கள் பார்த்துவருகிறோம்.

நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வரும் அக்கி இன்னும் கொடியது. மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் கண்டாலும் அது கண்ணுக்குள்ளும் நோய் சென்றிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. அத்தகையோர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கண் மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும். கருவிழி தழும்பேறினால் பார்வை மங்கும். உடைந்த கொப்புளத்தில் சமையலறைத் தேனைப் பூசுவதால் தூசியும் அழுக்கும் ஒட்டிப் பாக்டீரியாத் தொற்று சேர்ந்துகொள்வதும் உண்டு. தீப்புண்ணுக்குத் தேன் பூசலாம் என்று படித்தோமே என்பீர்கள். லேசான தீப்புண்களில் தேன் பயன்தருவதற்குச் சான்று உண்டுதான். ஆனால் மருத்துவத்துக்கென்று ஆக்கும் தேன், காமா கதிரால் நுண்ணுயிர் நீக்கப்பெற்றது. அடுக்களைப் புட்டியிலுள்ளது அதுவன்று. அக்கி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை என்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றே எங்களிடமும் வந்துவிடுங்கள்.

காலக்கெடு உள்ள வைரஸ் நோய்கள் இன்னும் சில உண்டு. இன்ஃப்ளுயென்சாவில் முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா அல்லது இதய நோய் உடையோர் ஆகியோருக்கு ஒசெல்டாமிவிர் மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறப்பு. டெங்குவில் வைரஸைக் கொல்லும் மருந்து எங்களிடமும் இல்லை. ஆனால் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பதால், தேன் கொடுத்தோம், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மகிழும் அதே வேளையில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நாய்க்கடிக் காயத்தில் தேனோ மஞ்சளோ சுண்ணாம்போ எதுவும் வைக்கலாகாது. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராகத் தடுப்பூசிக்கு வர வேண்டும். வெறிநோய் முற்றியபின் காப்பாற்றுவதற்கு எங்களிடம் ஏறக்குறைய எந்த வழியும் இல்லை.

அடுத்து, பாட்டிமார்களின் கோபத்துக்கு ஆளாகக்கூடிய ஒரு செய்தி. பிறந்த குழந்தைக்குச் "சேனை" வைக்கும் வழக்கம் நம் தென்மாவட்டங்களில் இன்றும் இருக்கிறது. குடும்பத்தில் நற்குணம் வாய்ந்த பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ குழந்தையின் நாவில் தடவுகிறார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில வீடுகளில் உரைமருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். சளி பிடித்த கைக்குழந்தைக்கும் தேன் தடவுகிறார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை.

காரணம் இது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சில வேளைகளில் தேனில் கலந்திருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில், காப்பாக நிற்கும் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் நிறையாததால், அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றன. 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முதலாகக் கைக்குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. மலச்சிக்கலில் தொடங்கும், பிறகு குழந்தை பால் உறிஞ்சும் வலிமை குறையும், அழுகை மெலியும், இமைகள் தொங்கும், கழுத்தும் கைகால்களும் துவளும், மூச்சும் நின்றுவிடக்கூடும். அரிதான நோய்தான். ஆனால் எந்தப் பயனும் இல்லாத ஒரு துளிக்காக அந்த அரிய ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? தேனைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்த விதைத்துகள்கள் சாதாரணக் கொதிநிலையில் அழிவதில்லை. மலைத்தேன், கொம்புத்தேன், கடைத்தேன் என்ற வேறுபாடும் இதில் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையின் நாவில் முதலில் படவேண்டியது தாயின் சீம்பால். குணம் வாய்ந்த பெரியவர் குழந்தையை முதலில் மடியில் ஏந்தட்டும். பெயர் சொல்லி அழைக்கட்டும். சேனையின் பொருள் அதிலும் நிறைவேறும். மகப்பேற்றுப் பிரிவில் இதனைச் சொல்லியபோது பெரும்பாலான பாட்டிமார்கள் எங்களோடு உடன்பட்டார்கள் என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

நீரிழிவு உடையோருக்கும் ஒரு சொல். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். இதைப் படிக்கும் வீடுகளில் ஒருவராவது இருப்பார். சுத்தமான நாட்டுத்தேன் சர்க்கரையைக் கூட்டாது என்பது தவறான எண்ணம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. காய்ச்சலின்போது உடலின் அழுத்தத்தாலேயே இரத்தச் சர்க்கரை ஏறும். அதன்மேல் நாளுக்கு நான்கு வேளை தேனும் சேர்ந்தால், தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்துபோகும். இருமல் தாங்கவில்லையென்றால் இரவில் ஒரு தேக்கரண்டி போதும். மறுநாள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும் பதப்படுத்தாத தேனை உண்பதற்கு முன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நல்ல தேன் எது என்று கண்டறிவதும் எளிதன்று. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், விற்பனையிலிருந்த 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்று மட்டுமே. மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை காட்டியது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நெருப்பில் காட்டுவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது முதலிய வீட்டுச் சோதனைகள் இத்தகைய கலப்படத்தைக் கண்டுபிடிக்க மாட்டா. தெரிந்த தேனீ வளர்ப்போரிடம் வாங்குவது ஒரு வழி. பெரும்பொருள் கொடுத்து அயல்நாட்டு மானுகாவை வரவழைக்க வேண்டியதில்லை; இருமலுக்கு அதுதான் வேண்டும் என்பதற்குச் சான்று இல்லை.

இருமலுக்குத் தேன் கொடுப்பதென்று முடிவு செய்தால் இப்படிக் கொடுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி. உறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. அப்படியே கொடுக்கலாம், வெதுவெதுப்பான நீரிலும் கலக்கலாம். கொதிக்கும் நீர் வேண்டாம். பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். பிள்ளைகளின் பல்லுக்கு இரவில் ஒட்டும் இனிப்பு ஆகாது. எங்களிடம் வரும்போது, தேன் உட்பட வீட்டில் கொடுத்த எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களுள் யாரும் கடிந்துகொள்ளப் போவதில்லை.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேற்பட்ட முறை மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, நீர் அருந்த மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ தேன் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். மூன்று நாள்களைக் கடந்த காய்ச்சலுக்கும், சளியில் இரத்தம் கண்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைக் கடந்துவிட்டால் அது காசநோயாகவும் இருக்கலாம். அதற்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.